செவ்வாய்க்கிழமை மேஜையில் வெண்ணெய்

ஹிண்டா கப்ரான்ஸ்கி கோழிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறிய கோழியை எடுத்து, சாய்த்து வைத்த பலகையில் கிடத்தி, கல்லுப்பை அள்ளி உள்ளும் வெளியும், சிறகுக்கடியிலும் தொடை இடுக்கிலும் விடாமல் தேய்த்தாள். இனி ஒரு மணி நேரம் ரத்தம் வடியவேண்டும். பிறகு மூன்று தண்ணீரில் அலசவேண்டும். எப்போதும் வியாழக்கிழமை செய்கிற வேலை. இன்று செவ்வாய்க்கிழமை.

"செவ்வாய்க்கிழமை கோழி எதுக்குன்னு கறிக்கடையில கேக்கறான். விருந்தாளி வராங்களான்னு கேக்கறான். நான் என்னன்னு சொல்ல?"

"படத்துக்குன்னு சொல்லு," என்றார் யூடெல். அடுப்படி வாசலில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டு, பலகையில் கிடந்த கோழியை ஏதோ தூரத்து உறவினரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்துக்குன்னு சொன்னா கோழியை விட்டுட்டு என்னை எடை போடுவான்."

"நல்லா முறுகலா வறுக்கணும், ஹிண்டா. தோல் பழுப்பா, மினுமினுன்னு இருக்கணும். உள்ள வேகலைன்னாலும் பரவாயில்ல."

"உள்ள வேகாத கோழி என் அடுப்புல இருந்து வெளிய வராது. படத்துக்கா இருந்தாலும் சரி, பாட்டுக்கா இருந்தாலும் சரி."

யூடெலின் தொழிலில் ஒரு சங்கடம் இருந்தது. கண்ணுக்கு முன்னால் இல்லாத எதையும் அவரால் வரைய முடியாது. வரைந்து பார்த்திருக்கிறார். "ஞாபகத்துல இருந்து போட்டா எல்லாக் கோழியும் ஒரே கோழி ஆயிடுது," என்பார். லீட்ஸ் ஊரிலேயே அவர் கண்ணுக்கு அழகானது வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு மேஜைதான். வெள்ளைத்துணி, பின்னல் ரொட்டி, வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சை ரசம், கோழி, இரண்டு மெழுகுவத்திகள். ஆனால் ஹிண்டா மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணை மூடிக்கொண்ட நொடியிலிருந்து யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடுகிறது. அதன்பிறகு மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை பென்சிலைத் தொடக்கூடாது. கல்யாணம் ஆன முப்பத்தாறு வருஷமும் அந்த மேஜை எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இந்த வருஷம்தான் துணிந்து கேட்டார்: வெள்ளிக்கிழமையைச் செவ்வாய்க்கிழமைக்குக் கொண்டுவர முடியுமா?

யூடெல் கோவ்னோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா கண்ணாடித் தகடுகளை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவர். ரஷ்ய ஜார் மன்னனின் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வருவதற்குச் சில வருஷம் முன்னால், பதினேழு வயதில், யூடெல் கப்பல் ஏறி இங்கிலாந்தில் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயில் பிடித்து லீட்ஸ் வந்து சேர்ந்தார். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் தையற்பட்டறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். யூடெலும் போட்டார். நாள் முழுக்க ஆவி. துணியில் அளவு குறிக்கிற சாக்குக்கட்டி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். ஒருநாள் ஒரு கோட்டின் உள்துணியில் மேஸ்திரியின் மூக்கை வரைந்துவிட்டார். வரைந்தது தப்பில்லை, அழிக்க மறந்ததுதான் தப்பு. கோட்டு வாங்கியவரிடமிருந்து கடிதத்தோடு கோட்டும் திரும்பி வந்தது. மேஸ்திரி யூடெலைக் கூப்பிட்டு, உள்துணியையும் தன் மூக்கையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தார்.

"மூக்கு சரியாத்தான் இருக்கு," என்றார். "இனிமே காகிதத்துல போடு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தராங்களாம், போய்ச் சேர்ந்துக்க. பட்டறைத் துணியைத் தொட்டா கையை ஒடிப்பேன்."

அப்படித்தான் ஓவியரானார். சாயங்காலம் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கடைகளுக்குப் பெயர்ப்பலகை. ஹிண்டாவின் அப்பா வெல்வெல் கறிக்கடை வைத்திருந்தார். பலகையில் ஒரு கோழி வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். யூடெல் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, கூண்டில் இருந்த கோழிகளைப் பார்த்துவிட்டுப் போனார். தூரிகையை எடுக்கவே இல்லை. கல்லாவுக்குப் பின்னால் இறகு பிய்த்துக்கொண்டிருந்த ஹிண்டாவுக்கு அப்போது இருபத்தோரு வயது.

"இவன் கோழியைப் பாக்க வரானா, உன்னைப் பாக்க வரானா?" என்று வெல்வெல் கேட்டார்.

கோழியைத்தான் பார்த்தார் என்பது ஹிண்டாவுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் ஒருதரம் கேட்டும் பார்த்தாள். யூடெல் யோசித்து, "முதல் ரெண்டு வாரம் கோழியைத்தான்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அந்தக் குணம் வாழ்க்கையில் அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

ஜெப ஆலயத்துத் தலைவர்கள் ஒன்பது பேரை அவர் வரைந்திருக்கிறார். கூட்டம் நடக்கிற அறையில் வரிசையாகத் தொங்குகிறார்கள். மூன்றாவது தலைவருக்கு மோவாயில் கொத்தமல்லி விதைபோல ஒரு மரு. அவர் மனைவி ஒரு கூடை ஆப்பிளோடு வந்து, அந்த மருவை மட்டும் விட்டுவிடக்கூடாதா என்று கெஞ்சினாள். "மரு என்னோடது இல்லீங்களே, அவரோடது," என்றார் யூடெல். "அவர் எடுத்தா நானும் எடுத்துடறேன்." ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தது ஹிண்டாதான். நல்ல ஆப்பிள். மரு இன்றைக்கும் சுவரில் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் வீட்டு முன்னறையை அவர் எடுத்துக்கொண்டார். வடக்குப் பார்த்த ஜன்னல், வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பின்கதவு வழியாக நுழைந்து அடுப்படியில் உட்காருகிறார்கள். அதனால் ஹிண்டாவின் அடுப்படி தெருவுக்கே தெரியும். இடதுபக்க அலமாரியில் நீலக்கரை போட்ட தட்டுகள், பால் வெண்ணெய் பாலாடைக்கட்டிக்கு. வலதுபக்கத்தில் சிவப்புக்கரை, கறிக்கு. கறியும் பாலும் ஒன்றோடொன்று சேராமல் இருந்தால்தான் யூதச் சட்டப்படி அது கோஷர், சாப்பிடத் தகுந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கத்தி, துடைக்கிற துணிகூடத் தனித்தனி. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கரண்டிகூட அணி மாறியதில்லை. கறிக்கடைக்காரர் மகள். மற்ற பெண்களுக்குச் சந்தேகம் வந்தால் மதகுருவான ரப்பியிடம் போவதற்கு முன்னால் ஹிண்டாவிடம்தான் வருவார்கள். ஜெப ஆலய மகளிர் சங்கம் வருஷாவருஷம் மே மாதக் கடைசியில் நடத்துகிற விருந்துக்கு, நூற்றிருபது பேருக்கு, பதினோரு வருஷமாக அவள்தான் சமையல். யூடெலுக்குச் சுவரில் ஒன்பது தலைவர்கள் இருந்தார்கள் என்றால், அவளுக்கு இது இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னறையில் மேஜை தயாரானது. யூடெல் திரைச்சீலையைப் பாதி இழுத்தார். ஹிண்டா மெழுகுவத்தி ஏற்றினாள். ஏற்றியதும் கை தானாகவே கண்ணை மூடப் போயிற்று. "சே" என்று இழுத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு," என்றார் யூடெல். "நீ போ."

"நான் என்ன ஈயா, விரட்டறே?"

"மூச்சு விடற. மெழுகுவத்தி ஆடுது."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனாள். திரும்பிவரும்போது யூடெல் கண்ணில் பட்ட வண்ணத்தையெல்லாம் படத்தில் பிடித்து முடித்து, தட்டை எடுத்துவைத்து, துணியை மடித்துவிட்டு உற்சாகமாக இருந்தார். கோழியைப் புதன்கிழமை இரண்டு பேருமாகச் சாப்பிட்டார்கள். படத்தைத் தேய்த்துத் துலக்கி முடிக்க அவருக்கு இன்னும் பத்து நாள் ஆயிற்று. முடியும்வரை சட்டகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். அவளும் எட்டிப்பார்த்ததில்லை. வேகும்போது மூடியைத் திறந்து பார்க்கிறவர்களை அவளுக்கும் பிடிக்காது.

ஏப்ரலில் ஊர்க் கலைக்கூடத்தில் உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளிர் சங்கமே தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தது. கலைக்கூடத்து அதிகாரி ஆர்மிட்டேஜ், ஒட்டகம்போல உயரமானவர், யூடெலின் படத்தை வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார். வந்தவுடனே யூடெலின் கையைப் பிடித்து, கலைக்கூடமே இதை வாங்கிக்கொள்ளப்போகிறது, நிரந்தரமாக இந்தச் சுவரில்தான் இருக்கும், அந்தத் தடித்த தங்கச் சட்டத்தை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றார். யூடெலுக்கு அறுபத்துமூன்று வயது. காது சிவந்துவிட்டது.

ஹிண்டா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தன் மேஜை. தன் மேஜைத்துணியின் மடிப்பு. தான் வறுத்த கோழி, தோல் முறுகி மினுமினுவென்று. மனசு நிறைந்துபோயிற்று. பக்கத்தில் ப்ளூமா ஷெர் வந்து நின்றாள். மகளிர் சங்கச் செயலாளர். ஹிண்டாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஹிண்டா, இது உன் மேஜைதானே?"

"பின்ன யாரோடது?"

"அது உன் மாமியார் அனுப்பின மெழுகுவத்தித் தண்டு."

"அதேதான்."

"அது நீ வறுத்த கோழி. பாத்தாலே தெரியுது. வேற யாரும் காலை அப்படிக் கட்டமாட்டாங்க."

"ஆமா," என்றாள் ஹிண்டா பெருமையாக.

"அப்ப இது என்ன?"

ப்ளூமாவின் விரல் மேஜையின் இடது ஓரத்தைக் காட்டியது. கோழிக்கு ஒரு சாண் தள்ளி, மூடி சாய்த்து வைத்த ஒரு நீலக்கரைக் கிண்ணம். மூடியில் ஒரு மூளி. உள்ளே வெண்ணெய். கத்தி சுரண்டிய வரிகூடத் தெரிகிறது.

ஹிண்டாவுக்கு அந்த மூளி தெரியும். வசந்தகாலப் பண்டிகைக்குப் பாலாடைக்கட்டி தோசை தின்ன வந்த அத்தனை பேருக்கும் தெரியும். கறிக்குப் பக்கத்தில் வெண்ணெய். அவள் மேஜையில்.

பின்னால் மூன்று தொப்பிகள் ஒன்றாகச் சாய்ந்தன. யாரோ மெல்ல, "கோழிக்கொழுப்பா இருக்கும்பா. அதுவும் மஞ்சளாத்தானே இருக்கும்," என்றார்கள். உதவி செய்கிற எண்ணம்தான்.

"கோழிக்கொழுப்பா? என் பால் கிண்ணத்துலயா?" என்று ஹிண்டா திரும்பினாள். "அது இதைவிட மோசம்!"

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அடுப்படிக் கதவைச் சாத்திய பிறகுதான் ஹிண்டா ஆரம்பித்தாள்.

"நான் மீன் வாங்கப் போன நேரத்துல என் அலமாரியில கை வெச்சிருக்கே."

"இடது ஓரம் செத்துக் கிடந்துது, ஹிண்டா. ஒரு மஞ்சள் தேவைப்பட்டுது. மெழுகுவத்திக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணும் இல்ல? அடுப்படிக்கு வந்தேன். முதல்ல கண்ணுல பட்டது அதுதான்."

"எலுமிச்சம்பழம் கண்ணுல படலையா?"

"எலுமிச்சை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். வெண்ணெய் குடிக்கும்."

"குடிக்கட்டும். நல்லாக் குடிக்கட்டும். நாளைக்கு மீன் கடையில நான் குடிக்கறேன், இவளுக கேக்கற கேள்வியெல்லாம்."

கேட்கத்தான் கேட்டார்கள். "ஹிண்டா, வெண்ணெய் என்ன விலை?" என்று ஒருத்தி. "கோழிக்கு எது நல்லா இருக்கும், உப்புப் போட்டதா, போடாததா?" என்று இன்னொருத்தி. கேலி அவளுக்குப் பெரிசில்லை. அவளும் கேலி செய்கிறவள்தான். ஆனால் கேலி மூணு நாளில் போய்விடும், படம் போகாது. ஊர்ச் சுவரில் மாட்டப் போகிறார்கள். யூடெல் போய், அவள் போய், ப்ளூமாவும் போனபிறகு, எவளோ ஒருத்தியின் பேத்தி அதன் முன்னால் வந்து நின்று, அந்தக் காலத்தில் கப்ரான்ஸ்கி வீட்டில் கோழிக்கு வெண்ணெய் தொட்டுக்கொண்டார்கள் என்று சொல்வாள். அவளுக்குப் பதில் சொல்ல யார் இருப்பார்கள்?

ரப்பி டுபோவ் தானாகவே வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்படியில் உட்கார்ந்து, கண்ணாடித் தம்ளரில் தேநீர் வாங்கிக்கொண்டு, கசகசா பிஸ்கட்டில் இரண்டைச் சாப்பிட்டு முடித்தார். அவர் சாப்பிட்டதிலேயே பாதித் தீர்ப்பு தெரிந்துவிட்டது. ஹிண்டாவுக்கு மூச்சு வந்தது.

"கோழி சூடா இருந்துதா, ஆறியிருந்துதா?" என்று யூடெலைக் கேட்டார்.

"ஜில்லுன்னு இருந்துது, ரப்பி."

"வெண்ணெய் உருகிச்சா?"

"மார்ச் மாசம். லீட்ஸ். எங்க உருகும்?"

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

யூடெல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு பொய்யாகிவிடுமோ என்று கொஞ்சம் குறுக்கினார்.

"ரெண்டையும் சேத்து யாராவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல. நான் பாத்தேன். அவ்வளவுதான்."

"பாத்ததுக்குச் சட்டம் கிடையாது," என்றார் ரப்பி. "அம்மா, உங்க அடுப்படி நேத்து எவ்வளவு கோஷரோ இன்னைக்கும் அவ்வளவு கோஷர். நீங்க சமைச்சா நான் முதல் பந்தியில உக்காருவேன்." மூன்றாவது பிஸ்கட்டை எடுத்தார். "ஆனா பாக்கறவங்க தப்பா நெனைக்கிற மாதிரி நடந்துக்கக்கூடாதுன்னும் நம்மகிட்ட ஒண்ணு இருக்கு. கிண்ணத்தைப் பத்திக் கேட்டீங்கன்னா எனக்குப் பதில் தெரியும். படத்தைப் பத்திக் கேட்டா..." என்று கையை விரித்தார். "கப்ரான்ஸ்கி, அந்த இடத்துல ஒரு காரட்டு வெக்க முடியாதா?"

"காரட்டு ஆரஞ்சு, ரப்பி."

"அப்படியா," என்றார் ரப்பி, நிஜமாகவே வியப்பாக.

ஊரே மஞ்சள் தேடியது. கடுகுச் சாந்து வைக்கலாம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முட்டை நூடுல்ஸ் என்றான் மீன் கடைக்காரன். மான்செஸ்டரிலிருந்து மகள் தெல்மா கடிதத்தில் டாஃபடில் பூ என்று எழுதியிருந்தாள். யூடெல் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒன்றுக்கும் தலையாட்டவில்லை.

அடுத்த வாரம் ப்ளூமா வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றி, திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

"சங்கத்துல பேசினோம். பதினோரு வருஷமா நீதான் கஷ்டப்படறே. இந்த வருஷம் எஸ்ஸி பாத்துக்கறேங்கறா."

"எஸ்ஸியா? அவ உருண்டை பிடிச்சா சூப்புல மிதக்காதே. அடியில உக்காந்துக்குமே."

"நீ கொஞ்சம் ஓய்வெடுன்னுதான்..."

"ரப்பி மூணு பிஸ்கட்டு சாப்பிட்டாரு, ப்ளூமா. இதே நாற்காலியில."

"ரப்பிக்கு எது குடுத்தாலும் சாப்பிடுவாரு. எனக்குத் தெரியாதா உன் கையைப் பத்தி? நான் சொல்லலை. மத்தவங்க சொல்றாங்க. படம் அங்க இருக்கறவரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க."

ப்ளூமா போனபின் ஹிண்டா வெறும் மேஜையைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

கண்காட்சி முடிந்து, தங்கச் சட்டத்தை மாற்றுவதற்காகப் படம் மூன்று வாரத்துக்கு வீட்டுக்கு வந்தது. ஹிண்டா ஒரே ஒரு தடவை கேட்டாள். சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போது கேட்டாள்.

"எடுத்துடேன், யூடெல்."

அவர் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவள் அதன்பிறகு கேட்கவில்லை. நாலு நாள் முன்னறையிலிருந்து சுரண்டுகிற சத்தம் கேட்டது. டர்பன்டைன் வாசனை அடுப்படிவரை வந்தது. யூடெல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். நன்றாகத் தூங்கினார், அது வேறு. எந்தக் கவலை வந்தாலும் அவர் தூக்கம் மட்டும் கெடாது.

ஐந்தாம் நாள் காலை, சட்டத்துக்கு மரம் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினார். ஹிண்டா துடைப்பத்தோடு முன்னறைக்குள் போனாள். படம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கவில்லை. முடித்துவிட்டார்போல.

வெண்ணெய் இல்லை. அந்த இடத்தில் மடித்த ஒரு வெள்ளைத் துண்டு.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றாள். துண்டு நன்றாகத்தான் இருந்தது. அவள் மடிப்பதுபோலவே மடிப்பு. ஆனால் மெழுகுவத்திகள் யாருக்கோ ஏற்றி, அந்த ஆள் வராமல் போனதுபோல எரிந்தன. அவள் கோழி கறிக்கடைக் கோழிபோலக் கிடந்தது, விற்கவும் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. மேஜைத்துணி துவைத்த துணியாக இருந்தது, விரித்த துணியாக இல்லை. அவளுக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உப்பு இல்லாத சூப்பைத் தெரிந்துகொள்ள எத்தனை கரண்டி வேண்டும்? ஒரு கரண்டி போதும்.

மரு ஒன்றை எடுக்க மாட்டேன் என்று ஒரு கூடை ஆப்பிளைத் திருப்பி அனுப்பின மனுஷன். தலைவர் பெண்டாட்டி அழுதபோதும் அசையாத மனுஷன். இவள் தட்டு வைக்கும்போது சொன்ன ஒரு வார்த்தைக்கு எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்காட்டவும் இல்லை. ஹிண்டாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் முதலில் அறையைப் பெருக்கி முடித்தாள்.

பிறகு மேஜையைப் பழைய இடத்துக்கு இழுத்தாள். வெள்ளைத் துணியை விரித்தாள். மெழுகுவத்தித் தண்டு இரண்டையும் கொண்டுவந்தாள். அடுப்படிக்குப் போய், இடதுபக்க அலமாரியைத் திறந்தாள்.

யூடெல் மரச்சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தபோது, நீலக்கரைக் கிண்ணம் மேஜையில் இருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மூடி எப்படி வெச்சிருந்தே?" என்றாள் ஹிண்டா. "சாய்ச்சா, கழட்டியா?"

"ஹிண்டா."

"கேட்டதுக்குச் சொல்லு. எனக்கு வேலை கிடக்கு."

"சாய்ச்சு," என்றார். மரத்தை ஓசையில்லாமல் கீழே வைத்தார். கோட்டைக் கழற்றினார். "எடுத்தது நான்தானே. நீ சொன்னேன்னு இல்ல. துண்டும் நல்லாத்தான்..."

"பொய் சொல்ல வராதவன் எதுக்கு முயற்சி பண்ணணும்? நான் பாத்தேன். துண்டு நல்லா இல்ல."

யூடெல் துண்டைப் பார்த்தார். "நல்லாவே இல்ல," என்று ஒப்புக்கொண்டார். தட்டில் வண்ணம் பிதுக்க ஆரம்பித்தவர் தயங்கினார். "வெண்ணெயில கோழியோட பழுப்பு கொஞ்சம் விழுந்திருந்துது. கீழ்ப்பக்கம். கோழி இல்லாம அது எனக்கு வராது."

ஹிண்டா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பின் அடுப்படிக்குப் போனாள். வலதுபக்க அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நேற்றைய கோழியில் மிச்சமிருந்த பாதியைச் சிவப்புக்கரைத் தட்டில் வைத்து எடுத்துவந்தாள். ஆறிப்போயிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். வெண்ணெய் கெட்டியாக இருக்கிறதா என்றும் பார்த்தாள். அப்புறம், ஐம்பத்தேழு வயதில் முதல்முறையாக, ஒரே துணிமேல் இரண்டையும் தன் கையால் வைத்தாள்.

"ரெண்டு சாண் போதுமா?"

"ஒரு சாண்."

"ரப்பிகிட்ட ரெண்டு கையை விரிச்சே?"

"அப்புறம் குறுக்கினேன் இல்ல?"

அவள் சிரித்துவிட்டாள். மெழுகுவத்தி ஏற்றித் திரையை இழுத்தாள். இந்தத் தடவை அவர் போகச் சொல்லவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

பின்கதவு திறந்தது. "ஹிண்டா! அடுப்படியில யாரும் இல்லையா?" ப்ளூமாவின் குரல். காலடிகள் அடுப்படியைத் தாண்டி, நடையைத் தாண்டி, முப்பத்துநாலுக்கு அப்புறம் விருந்தாளி யாரும் நுழையாத முன்னறை வாசலுக்கு வந்தன. கையில் கசகசா பிஸ்கட் ஒன்று, பாதி கடித்தது. போகிற போக்கில் தட்டிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"நல்ல செய்தி," என்றாள் மூச்சு வாங்க. "நேத்து எஸ்ஸி உருண்டை செஞ்சு காமிச்சா. ரப்பி பெண்டாட்டிக்குப் பல்லு ஆடிப்போச்சு. எல்லாரும் உன்னையேதான் கேக்கறாங்க, ஹிண்டா. ஒரே ஒரு வார்த்தை போதும்னுட்டாங்க. படத்துல அதை எடுத்தாச்சுன்னு நான் போய்ச் சொல்லிட்டா, விருந்து உன்..."

அப்போதுதான் அவள் கண் இருட்டுக்குப் பழகியது. மெழுகுவத்தி. கோழி. கிண்ணம். இரண்டுக்கும் நடுவே ஹிண்டாவின் கை.

"இதை யாரு வெச்சது?"

"நான்தான்."

"நீயா? உன் கையாலயா?"

"வேற யாரு கையால வெப்பேன், என் கிண்ணத்தை?"

ப்ளூமா யூடெலைப் பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, தூரிகை நுனியை வாயருகே வைத்து, மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். பழக்கத்தில் மிச்சப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நாலு மணிக்குக் கூட்டம் இருக்கு," என்றாள் மென்றுகொண்டே. "பதினாறு பேர் உக்காந்திருப்பாங்க. நான் போய் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது, ஹிண்டா?"

"கொஞ்சம் இடது பக்கம்," என்றார் யூடெல்.

ஹிண்டா கிண்ணத்தை ஒரு விரல் அளவு நகர்த்தினாள். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம்."

நகர்த்தினாள்.

ப்ளூமா உதட்டில் ஒட்டியிருந்த கசகசாவைத் துடைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு, மெழுகுவத்தி ஆடாதபடி மெல்லத் திரும்பி அறையைவிட்டு வெளியே போனாள்.